வயலில் நிற்பது எந்தக் கோரை?

பாலக்காட்டு எல்லையில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நெல்வயல்களில் ‘கோரை’ என்ற ஒரே பெயரில் குறைந்தது நாலு செடிகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிக் களையெடுத்தால் கூலிதான் வீண்.

முதலில் புல்லா கோரையா என்று பாருங்கள். தண்டை விரலிடையில் உருட்டினால் குதிரைவாலிப் புல் தடையின்றி உருளும்; கணுவும் தட்டுப்படும். கோரைத்தண்டு மூன்று பட்டையாக இடறும், கணு இருக்காது.

வட்டக்கோரையும் ஊசிக்கோரையும் பூக்கும்வரை இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். வட்டக்கோரையில் கதிர்கள் நெருங்கி, ஒரு சென்டிமீட்டர் அளவில் உருண்டையாகத் திரளும். மலையாளத்தில் அதைத் தலேக்கெட்டன் என்பது பொருத்தமான பெயர். ஊசிக்கோரை, அதாவது மஞ்ஞக்கோரை, மஞ்சள் சாயலோடு விரிந்து கிளைக்கும். பூக்குமுன் இவற்றைப் பிரித்தறிய மெனக்கெட வேண்டாம். இரண்டுக்கும் சல்லிவேர்தான், ஈரமண்ணில் இழுத்தால் வேரோடு வரும். விதை முற்றுமுன் பிடுங்குவதே முக்கியம். வட்டக்கோரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் விதை போட்டுவிடும்.

மூன்றாவதான கோரைக்கிழங்குச் செடி அப்படியல்ல. பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணில் தங்கும். கதிர் செம்பழுப்பு. சந்தேகமிருந்தால் ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள்: கருத்த, மணமுள்ள கிழங்குகள் வேர்த்தண்டில் சங்கிலியாகக் கோத்திருக்கும். ரொட்டவேட்டர் (டிராக்டரில் பூட்டும் சுழல்கலப்பை) ஓட்டினால் அந்தச் சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கும். ஆகவே ஈரத்தில் ஓட்டாமல், கோடையில் புரட்டிப்போட்டு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். வரப்பிலும் மேட்டு நிலத்திலும்தான் இதன் தொல்லை அதிகம்.

நாலாவது ஃபிம்பிரிஸ்டைலிஸ். மூன்று பட்டை விதிக்கு இது அடங்காது: தண்டில் நாலைந்து விளிம்பு, அடிப்பகுதி தட்டை, இலைகள் விசிறிபோல் இருபுறமும் அடுக்கியிருக்கும். அதனால் இளஞ்செடியிலேயே அடையாளம் தெரியும். மிளகைவிடச் சிறிய பழுப்புக் கதிர்மணிகள் நிறைய விடும். விதை மிக நுண்ணியது. சேறு வெளியே தெரியும் இடத்தில்தான் முளைக்கும். நட்டபின் சில வாரம் வயல் மட்டமாக இருந்து, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தொடர்ந்து நின்றால் பெருமளவு அடங்கும். மேடு தட்டிய இடத்தில் மட்டும் கூட்டமாக முளைத்திருந்தால் சமன்படுத்தியதில்தான் குறை.