கோயமுத்தூர் ஆஸ்பத்திரியும் பஸ்ல ஐஸ் டப்பாவும்

இந்தத் தடவை ஆறு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்ததே ஐவிஎஃப்புக்காகத்தாங்க, அதான் டெஸ்ட் டியூப் கொழந்தை வைத்தியம், ஆனா ஒறம்பரைக கிட்டெல்லாம் நோம்பிக்கு வந்தோம்னு சொல்லி வெச்சிருந்தோம். இங்கிலாந்துல கவர்மெண்ட் செலவுலயே பாப்பாங்க, ஆனா ஏரியாவுக்கு ஏரியா ரூல் வேற, காத்துக் காத்து எனக்கு வயசு ஏறுனதுதான் மிச்சம்.

கோயமுத்தூர்ல பாத்த டாக்டரம்மாவுக்கு நாப்பத்தஞ்சு இருக்கும். ஃபைலைப் பொரட்டிட்டு மொதக் கேள்வியே "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா கண்ணு?" மூணு வருசமா எனக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை கோயிலு, எத்தனை நாட்டு மருந்து, அவருக்கு ஒண்ணுகூட இல்ல. கூட வந்த அத்தை "எம் பையனுக்கு எதுக்குங்க"ன்னு இழுக்க, "பாதிப் பங்கு அவருதுதானுங்களே அம்மா"ன்னு சிரிச்சுட்டே சீட்டெழுதிட்டாங்க. ரிப்போர்ட் வந்தா விந்தணு கவுண்ட் ரொம்பக் கம்மி. திரும்பி வரப்ப கார்ல ஒருத்தரும் பேசல.

அதுக்கு இக்சி பண்ணலாம்னாங்க, ஒரு முட்டைக்குள்ள ஒரே ஒரு அணுவை ஊசியால வெக்கறது, 1992ல பெல்ஜியத்துல வந்ததாம், அதுக்கு முந்தின்னா வேற ஆளோட அணுதான்னு சொல்லியிருப்பாங்களாம்.

நாங்க இருக்கறது மான்செஸ்டர் பக்கம்னதும் "ஓல்டம் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. சனிக்கெழமை காய்கறி வாங்கப் போற ஊருங்க அது! "1978 ஜூலைல லூயிஸ் பிரவுன் அங்கதான் பொறந்தா, உலகத்துலயே மொத டெஸ்ட் டியூப் கொழந்தை, எங்களுக்கெல்லாம் அது பழநி மலை மாதிரி"ன்னாங்க. அதே வருசம் அக்டோபர்ல கல்கத்தால டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கையால நம்ம நாட்டோட மொத டெஸ்ட் டியூப் கொழந்தை துர்கா பொறந்ததையும், இங்க யாரும் அவரை நம்பாம 1981ல அவர் தற்கொலை பண்ணிக்கிட்டதையும் சொல்றப்ப கொரலே எறங்கிப் போச்சு.

அவங்க படிப்பைக் கேட்டா எம்பிபிஎஸ் அஞ்சரை வருசம், பிரசவப் படிப்பு மூணு, ஃபெலோஷிப் ரெண்டு, நடுவுல என்ட்ரன்ஸுக்கு ஒக்காந்தது வேற. "முடிக்கறப்ப முப்பத்திமூணு, மொத வேலையா எனக்கே ஏஎம்எச் பாத்தேன்"னாங்க, முட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்டாம் அது. எனக்குச் சிரிக்கறதா வேண்டாமான்னே தெரியல.

டாக்டரைக் கொறை சொல்ல ஒண்ணுமில்ல. பில்லுதான்! பேக்கேஜ்னு சொன்ன தொகைல முட்டை வளரப் போடற ஊசி சேராது, மயக்க டாக்டர் ஃபீஸ் சேராது, கருவை ஃப்ரீஸ் பண்றதும் சேராது. "அது தனிங்க மேடம்", "இதுவும் தனிங்க". மரியாதைக்கு மட்டும் பஞ்சமே இல்ல.

ஊசியை ஃப்ரிட்ஜ்லயே வெக்கணும், அம்மா வீடோ காங்கேயம் பக்கம், பஸ்ல ரெண்டு மணி நேரம் ஐஸ் டப்பாவை மடில வெச்சுட்டு வந்தேன், பக்கத்து சீட்டு ஆத்தா "மீனா கண்ணு?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். கடைசி ஊசி கரெக்டா ராத்திரி ஒம்பதரைக்குப் போடணும், 36 மணி நேரங் கழிச்சு முட்டை எடுப்பாங்க, லேட் பண்ணா தானா வெளிய வந்துருமாம். பாத்து அன்னிக்குத்தான் கரண்ட் போகணுமா, அம்மா செல் லைட்டைப் புடிக்க, எங்கூர் நர்ஸக்கா போட்டுட்டாங்க.

ஒம்பது முட்டை, அஞ்சு கரு. எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணி வெச்சுட்டுக் கெளம்பிட்டோம், தையில மறுபடி டிக்கெட் போட்டிருக்கோம். டாக்டரம்மா ஓல்டம் ஆஸ்பத்திரி போட்டோ ஒண்ணு கேட்டிருந்தாங்க, போன சனிக்கெழமை காய்கறிப் பையோட நின்னு மழைல எடுத்து அனுப்பிட்டேன்.