பழைய குடித்தனக்காரரா, கூடுதல் வாடகையா?

ஒப்பந்தம் முடியப் போகிறது. ஒழுங்காக வாடகை தருபவரை அதே தொகைக்குத் தொடரவிடுவதா, கூடுதலாகத் தரும் புதியவரைத் தேடுவதா? ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விடுபவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

புதியவர் 8 சதவீதம் அதிகம் தருவார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் மாறும்போது வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், அந்த ஆண்டில் 11 மாத வாடகைதான் கைக்கு வரும். 11-ஐ 1.08-ஆல் பெருக்கினால் 11.88. பழையவர் இருந்திருந்தால் 12. அந்த ஒரு மாதத்தை முதல் ஆண்டிலேயே ஈடுகட்ட 9 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்ற வேண்டும். இரண்டு மாதம் காலியாக இருந்தால் 20 சதவீதம். அப்புறம் பெயின்ட், தரகர் கமிஷன், குழாய் ரிப்பேர் எல்லாம் தனி.

இரண்டாம் ஆண்டில் கணக்கு புதியவர் பக்கம் சாயும், சரி. அதுவரை அவர் இருக்க வேண்டுமே! நேரத்துக்குப் பணம் தருவாரா என்பதும் வந்த பிறகுதான் தெரியும்.

பழையவரை வைத்துக்கொள்வதிலும் ஒரு பொறி உண்டு. சங்கடப்பட்டு ஐந்தாறு வருடம் வாடகையைத் தொடாமல் விட்டால், வெளி வாடகைக்கும் இதற்கும் இடைவெளி பெரிதாகிவிடும். பிறகு ஒரே அடியாக ஏற்றினால் அவர் கிளம்பிவிடுவார். அதனால் என் ஓட்டு பழையவருக்கே, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் சின்ன உயர்வோடு. மாதாமாதம் வாடகைக்கு நடையாய் நடக்கவிடுபவர் என்றால் மட்டும் காலி மாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.