பச்சை இஞ்சியா, வேர்க்கொம்பா, குளிசையா? மாதவிடாய் நோவு, சத்தி, சீனி: எதற்கு எது எடுபடும்

இஞ்சி ஓமோனைச் சீராக்கும் என்று யூடியூப்பில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எந்த ஓமோன், எந்த இஞ்சி, எத்தனை கிராம் என்று கேட்டால் பதில் வராது. கிளிநொச்சிச் சந்தையில் பச்சை இஞ்சி கிடைக்கிறது, பலசரக்குக் கடையில் வேர்க்கொம்பு (காய்ந்த இஞ்சி, சுக்கு), பாமசியில் இஞ்சிக் கப்சூல், தெருமுனைக் கடையில் பக்கெற் பானமும் இஞ்சிச் சோடாவும். எல்லாவற்றிலும் இஞ்சிப் படம் இருக்கும். உடம்புக்குள் போனபின் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. இவற்றோடு சேர்த்து ஒப்பிட வேண்டிய இன்னொன்றும் உண்டு: வயிற்றுக்குத்து என்றதும் கை முதலில் போகிற மெஃபனமிக் அசிட் குளிசை.

ஓமோன் கதையை முதலில் நேராக்கிவிடுவோம். இஞ்சி ஈஸ்திரஜனையோ புரஜெஸ்தரோனையோ உடம்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அது கைவைக்கும் இடம் புரொஸ்டாகிளான்டின். ஓமோன் போலவே வேலைசெய்யும் இந்தப் பொருள், மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையின் உட்சுவரில் நிறையச் சுரந்து கருப்பையை இறுக்கிப் பிழிகிறது. நோவு அதனால்தான். அதே நாளில் சிலருக்கு வயிற்றோட்டமும் சத்தியும் வருவதும் அதனால்தான். புரொஸ்டாகிளான்டினை உண்டாக்கும் நொதியத்தை இஞ்சியின் காரப் பொருட்கள் ஓரளவு அடக்குகின்றன. மெஃபனமிக்கும் இபுபுரூஃபன் என்ற இன்னொரு நோவுக் குளிசையும் அதே நொதியத்தை இன்னும் பலமாக, இன்னும் விரைவாக அடக்குகின்றன. இலக்கு ஒன்று என்பதால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமே.

2009இல் ஈரானில் 150 மாணவிகளிடம் அப்படித்தான் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு 250 மில்லிகிராம் இஞ்சித் தூள், இன்னொரு பகுதியினருக்கு 250 மில்லிகிராம் மெஃபனமிக், மற்றவர்களுக்கு 400 மில்லிகிராம் இபுபுரூஃபன். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாள், நாளுக்கு நான்கு வேளை. நோவு குறைந்ததில் மூன்று பகுதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பார்த்துவிட்டுக் குளிசையை எறிந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அங்கே கொடுத்தது அளந்த காய்ந்த தூள். பிளேன்ரீக்குள் தட்டிப்போட்ட ஒரு துண்டு இஞ்சி அந்தக் கணக்கில் வராது.

பச்சையும் காய்ந்ததும்

பச்சை இஞ்சியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மேலோட்டமாகப் பார்த்தால் 1 கிராம் தூளுக்குச் சமமாக 5 கிராம் பச்சை இஞ்சி வேண்டும். ஆனால் எடை மட்டும் கணக்கல்ல. பச்சையில் காரம் தருவது ஜிஞ்சரோல். காயும்போதும் சூடுபடும்போதும் அதில் ஒரு பகுதி தண்ணீரை இழந்து ஷோகோல் என்ற பொருளாக மாறும். ஷோகோலின் காரம் ஜிஞ்சரோலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புரொஸ்டாகிளான்டின் நொதியத்தின் மேலும் ஆய்வுகூடச் சோதனைகளில் அது பலமாகவே வேலைசெய்கிறது. மாதவிடாய் நோவுக்கு எங்கள் தெரிவு வேர்க்கொம்பு. பச்சை இஞ்சி குமட்டலுக்கும் செரியாமைக்கும் நல்லது. வாசமும் சாறும் அதில்தான் முழுதாக இருக்கும்.

அடுத்தது, ஜிஞ்சரோலும் ஷோகோலும் தண்ணீரில் நன்றாகக் கரையாதவை. வேர்க்கொம்புத் தூளைச் சுடுதண்ணீரில் கலக்கி, தெளிந்ததை மட்டும் குடித்து, அடியில் பழுப்பாய்க் கிடக்கிற மண்டியை முற்றத்தில் ஊற்றினால் மருந்தில் பெரும்பங்கு முற்றத்துக்குத்தான் போகிறது. கடைசி மடக்கில் டம்ளரைச் சுழற்றி மண்டியோடு குடிக்க வேண்டும். முடியாதவர்கள் தூளைப் பனங்கட்டித் துண்டோடு குழைத்து உருட்டி விழுங்கலாம்.

அளவு: மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி இஞ்சித் தூள் சுமார் 2 கிராம். காலையில் மட்டமான கால் தேக்கரண்டி, மாலையில் கால் தேக்கரண்டி, இரண்டும் சாப்பாட்டுக்குப் பின்: நாளுக்கு 1 கிராம் ஆகிவிடும். குவித்து அள்ளினால் கணக்குத் தப்பும். மாதவிடாய் நாளை ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவர்கள் இரண்டு நாள் முந்தியே தொடங்கினால் கூடுதல் பயன். சுரந்து முடிந்த புரொஸ்டாகிளான்டினை இஞ்சியால் திருப்பி எடுக்க முடியாது. சுரக்காமல் தடுக்கத்தான் முடியும். நோவில் சுருண்டு படுத்தபிறகு போட்டுக் கொடுக்கிற இஞ்சித் தேத்தண்ணி சூட்டால் ஆறுதல் தரும், அவ்வளவே.

கடை வேர்க்கொம்பு வாங்கும்போது இரண்டு விரலால் முறித்துப் பாருங்கள். நன்கு காய்ந்தது சட்டென்று முறியும். உள்ளே வெளிர்மஞ்சள் நாரும் மூக்கில் ஏறுகிற காரமும் இருக்கும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. விரலில் வெள்ளைமா ஒட்டினால் பூச்சி வராமலிருக்கச் சுண்ணாம்பில் தோய்த்தது. தோலைச் சுரண்டிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். சுக்குக்குப் புறணி நஞ்சு என்று பழையவர்கள் சொன்னதை இந்த இடத்தில் அப்படியே கேட்கலாம். நடுவில் கறுப்போ பச்சைப் பூஞ்சணமோ தெரிந்தால் சுரண்டிப் பாவிக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த இஞ்சியில் உண்டாகும் ஒக்ராடொக்சின் சிறுநீரகத்துக்கு நஞ்சு.

வீட்டில் காயவைப்பது வன்னி வெயிலில் லேசு. பச்சை இஞ்சியின் தோலைக் கரண்டி விளிம்பால் சுரண்டி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் சீவி, பாயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, வலைத்துணியால் மூடி வெயிலில் வையுங்கள். பின்னேரம் பனி விழுமுன் உள்ளே எடுக்க வேண்டும். தடிப்பாகச் சீவினால் வெளி காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். போத்தலில் அடைத்தபின் பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும். 1 கிலோவுக்கு 200 கிராம் அளவில் மிஞ்சும். மாரியில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சந்தையில் தெரிவு இருந்தால் சின்ன விரலிகளும் நிறைய நாருமுள்ள நாட்டு இஞ்சியை எடுங்கள். பெருத்த சீன இஞ்சி சீவ லேசு, காரம் குறைவு.

பச்சை இஞ்சிக்கு: ஒரு கோப்பைக்குப் பெருவிரல் நுனி அளவு, தட்டி, மூடியபடி பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில். மூடாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். பசுப்பாலில் போடுவதானால் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பாலை ஊற்ற வேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரைக்கிற ஒரு நொதியம் உண்டு. கொதி அதை அழித்துவிடும்.

குளிசையோடு ஒப்பிட்டால்

வேகத்தில் குளிசைக்குத்தான் வெற்றி. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆள் எழும்பி வேலைக்குப் போகலாம். சோதனை நாளில், வயல் வேலை நாளில் அதன் பெறுமதி தெரியும். சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். வெறுவயிற்றில் எடுத்தால் இரைப்பையில் புண் வரலாம். தொய்வு உள்ளவர்களுக்கும் அல்சர் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

வன்னியில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்திலும் இருக்கிறது. கருப்பையைப் பிழிகிற அதே புரொஸ்டாகிளான்டின் குடும்பம்தான் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருக்கிறது, முக்கியமாக உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது. சித்திரை வெயிலில் களை பிடுங்கி, தண்ணீர் குடியாமல், நோவுக்கு மெஃபனமிக்கோ அதே வகையான டைக்குளோஃபெனக்கோ போட்டால் சிறுநீரகம் இரண்டு பக்கத்தாலும் அடி வாங்கும். மாதத்தில் இரண்டு நாள் தண்ணீரோடு எடுக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்குப் பயமில்லை. சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர்கள், பிரஷர் குளிசை எடுப்பவர்கள், இடுப்பு நோவுக்கும் சேர்த்துக் கிழமைக்கணக்கில் விழுங்குகிறவர்கள்தான் பயப்பட வேண்டும். அவர்கள் பரசிற்றமோலைக் கேட்டு வாங்கட்டும், கிளினிக்கில் சொல்லிவிட்டு வேர்க்கொம்பையும் சேர்க்கட்டும்.

நோவு வருடத்துக்கு வருடம் கூடினால், மாதவிடாய் இல்லாத நாளிலும் இருந்தால், மணிக்கொரு பாட் நனைந்தால், இஞ்சி குளிசை இரண்டையும் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கான் செய்ய வேண்டும்.

மசக்கைச் சத்தி

இஞ்சிக்கு ஆதாரம் மிகப் பலமாக இருப்பது இதில்தான். நாளுக்கு 1 கிராம் தூள், மூன்று நாலு வேளையாகப் பிரித்து. விற்றமின் பி6 குளிசைக்கு ஏறத்தாழச் சமமாக நிற்கிறது. குமட்டல் நன்றாகக் குறையும், சத்தி அவ்வளவு குறையாது. தூள் நெஞ்சை எரித்தால் பச்சை இஞ்சிச் சீவலைத் தேசிப்புளியோடு மெல்லலாம். 1 கிராமைத் தாண்ட வேண்டாம். இரத்தக்கசிவு இருந்தவர்கள், பிரசவத் திகதி நெருங்கியவர்கள் தாமாக எடுக்கக் கூடாது. தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால் சேலைன்தான் வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கிற பிழை: கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசை குமட்டுகிறது என்று அதை இஞ்சிப் பிளேன்ரீயோடு விழுங்குவது. தேயிலையின் தனின் இரும்பை உடம்பில் சேரவிடாது. குமட்டல் நிற்கும், இரத்தம் ஏறாது. தேயிலை இல்லாத இஞ்சித்தண்ணீர் குடியுங்கள். பிளேன்ரீயை இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

மற்றவை

சீனி வருத்தம்: நாளுக்கு 1 முதல் 3 கிராம்வரை இரண்டு மூன்று மாதம் எடுத்த ஆய்வுகளில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மெட்ஃபோமினுக்கு மாற்று அல்ல. பனங்கட்டியோடு கடித்துக் குடித்தால் அந்தக் கொஞ்சமும் போச்சு. தைரொயிட்டுக்கும் சூலகக் கட்டிக்கும் சிறிய ஆய்வுகள்தான் உண்டு. நம்பி மருந்தை நிறுத்துகிற அளவுக்கு எதுவும் இல்லை. தைரொக்சின் எடுப்பவர்கள் வெறுவயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, வேர்க்கொம்புக் கோப்பிக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஆண்களின் ரெஸ்ரொஸ்ரரோன் கூடும் என்ற பேச்சு பெரும்பாலும் எலிகளில் பார்த்தது.

கப்சூலின் நன்மை அளவு தெளிவு, குறை விலை. லேபலில் தூளா, செறிவாக்கிய சாறா என்று பாருங்கள், 250 மில்லிகிராம் செறிவாக்கிய சாறும் 250 மில்லிகிராம் தூளும் ஒன்றல்ல. பக்கெற் பானங்களில் பலவற்றின் உட்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது சீனி. இஞ்சிச் சோடாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 2016 முதல் போத்தலில் போடுகிற சீனி நிற அடையாளத்தைப் பார்த்தாலே போதும்.

யாராக இருந்தாலும் நாளுக்கு 4 கிராம் தூளுக்கு மேல் வேண்டாம், நெஞ்செரிவும் வயிற்றோட்டமும் வரும். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வாஃபரின், குளொப்பிடோகிறல், அஸ்பிரின் குளிசைகளை எடுப்பவர்கள் கறியில் போடுகிற இஞ்சியோடு நிற்கட்டும். பித்தக்கல் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே தூளையும் கப்சூலையும் நிறுத்தி, அதுவரை எடுத்ததை வார்டில் சொல்லுங்கள்.