60 லிட்டர் கடலுக்குத் துப்புரவு யார்? நத்தையா, துறவி நண்டா, இறாலா?

பெங்களூரு அல்சூரில் என் வீட்டுக் கூடத்தில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், பவளம் போலவே கொத்தாக வளரும் சோயாந்தஸ் ஒரு கைப்பிடி, ஒரு காளான் பவளம், அவ்வளவுதான். பாசியையும் மீன் தின்று மிச்சம் வைத்ததையும் தின்ன ஆள் வேண்டுமென்று கடைக்குப் போனால், பத்து நத்தை, ஐந்து நண்டு, ஒரு இறால் என்று கலவையாகக் கட்டிக் கொடுப்பார்கள். என் கருத்தில் இந்த அளவுத் தொட்டிக்கு அது பாதிக்கு மேல் அதிகம். பத்து வாய்க்கு வேண்டிய பாசி இங்கே விளையாது. பட்டினியில் ஒரு நத்தை செத்துப் பாறை இடுக்கில் அழுகினால், அம்மோனியா ஏறி அது துடைத்ததைவிட அதிக அழுக்கை விட்டுப் போகும்.

முதலில் உங்கள் தொட்டியில் எந்த அழுக்கு என்று பாருங்கள். புதுத் தொட்டியில் மணல் மேல் படியும் பழுப்புப் படலத்துக்கு யாரையும் வாங்க வேண்டாம். அதற்குத் தீனியான சிலிகேட் நீரில் தீர்ந்ததும் சில வாரங்களில் பெரும்பாலும் தானே போய்விடும். கண்ணாடியிலும் பாறையிலும் பச்சை ஏறத் தொடங்கிய பிறகுதான் நத்தைக்கு வேலை.

நத்தைகளில் என் ஓட்டு ட்ரோக்கஸுக்கு. கூம்பு வடிவ ஓடு, நிதான நடை, பாறையும் கண்ணாடியும் இரண்டுமே அதற்குச் சம்மதம். முக்கியமாக, மல்லாந்து விழுந்தால் தானே புரண்டு எழுந்துகொள்ளும். அஸ்ட்ரியா பார்வைக்கு ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும், பாசியும் நன்றாகத் தின்னும். ஆனால் மணலில் கவிழ்ந்தால் பெரும்பாலும் எழத் தெரியாது. தினம் காலையில் நாம்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஊருக்கு நான்கு நாள் போய் வருகிறவர்கள் அதன் பக்கமே போகாதீர்கள். டர்போ முடிப்பாசியை மேய்வதில் ராட்சசன். எலுமிச்சம்பழ அளவுக்கு வளரும் டர்போவை 60 லிட்டரில் விட்டால், ஒட்டாமல் வைத்த பவளத் துண்டையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். நெரைட் கண்ணாடியைப் பளபளப்பாக்கும். பதிலுக்குப் பாறையெங்கும் எள் தூவியது போல வெள்ளை முட்டை ஒட்டும். மூடி இல்லாத தொட்டியென்றால் வெளியே ஏறி வந்தும் விடும்.

நாசாரியஸ் நத்தைக்குப் பாசி ஆகாது. சரி, பின்னே எதற்கு? மணலுக்குள் புதைந்து கிடக்கும். தீனி போட்டதும் பந்தி வாசனை பிடித்தது போல யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழலை நீட்டிக்கொண்டு மேலே வரும். மீன் விட்ட மிச்சம் அதற்கு. மணலே போடாத தொட்டிக்கு அது வேண்டாம்.

இனி துறவி நண்டு. கடையில் ஹெர்மிட் என்று கேளுங்கள். வேடிக்கைக்கு இதை மிஞ்ச ஆளில்லை, நத்தை நுழையாத இடுக்கிலும் நுழைந்து சுரண்டும். பெயர்தான் துறவி, வீட்டு ஆசை விடாது. என் தொட்டியில் இருந்த ஒன்று, ஓர் இரவில் சின்ன டர்போவைத் தின்றுவிட்டுக் காலையில் அதன் ஓட்டைப் போட்டுக்கொண்டு உலாத்தியது. காலி ஓடுகளைப் போட்டு வைத்தால் நத்தையைத் தொடாது என்பார்கள். நானும் ஆறு ஓடு போட்டிருந்தேன்.

க்ளீனர் இறாலைத் துப்புரவாளராக எண்ணி வாங்காதீர்கள். பாசியைத் தொடாது, பவளத்துக்கு ஊட்டிய தீனியை அதன் வாயிலிருந்தே பிடுங்கும். அழகுக்கு வளர்க்கலாம். முதல் முறை அது சட்டை உரித்துப் போட்டதைப் பார்த்து, செத்துவிட்டதென்று அரை மணி நேரம் துக்கம் காத்தேன். பெப்பர்மின்ட் இறால், ஐப்டேசியா என்னும் தொல்லைக் கடல் சாமந்தி முளைத்தால் மட்டும், எமரால்டு நண்டு குமிழ்ப் பாசி வந்தால் மட்டும்.

கடல் அட்டை மணலைச் சுத்தம் செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சின்னத் தொட்டியில் அதற்குத் தீனி போதாது, இறந்தால் நஞ்சைக் கக்கி மீன்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். போதாததற்கு, 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கத்து மீனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து வந்த அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டு, "கடக்கரையில சும்மா கெடக்கதுக்கா துட்டு குடுத்து வாங்குன?" என்று கேட்டார். கரையில் பொறுக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் கரையில் கிடைப்பதில் மற்ற நத்தையைத் துளைத்துத் தின்னும் வகையும் உண்டு; கோன் எனப்படும் கூம்பு நத்தையென்றால் (ட்ரோக்கஸ் அல்ல) கொட்டும், சில இனங்களின் நஞ்சு மனிதரையே கொல்லும். அத்தைக்கு இதையெல்லாம் விளக்கவில்லை.

பெங்களூரில் இருப்பதில் ஒரு சௌகரியம், ஆண்டின் பெரும்பகுதி சில்லர் என்னும் குளிர்விக்கும் கருவி இல்லாமலே தண்ணீர் 26 டிகிரிக்குள் நிற்கிறது. சிக்கல் வேறு இடத்தில். ஏப்ரலில் தொட்டிக்கு மேல் ஃபேன் ஓடினால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அடர்த்தி 1.025-லிருந்து 1.028-க்கு ஏறியதைக் கவனிக்காமல் விட்ட வாரத்தில்தான் இரண்டு நத்தையை இழந்தேன், பட்டினியால் அல்ல. குறைவதை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள், உப்புநீரால் அல்ல. போர்வெல் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. ஆர்.ஓ. கழிவு நீரில் எங்கள் வீட்டில் தரை துடைக்கிறோம். சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் பையானாலும் இங்கே வாங்கியதானாலும், ஏர் டியூபில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒன்றரை மணி நேரம் பழக்கிய பிறகுதான் தொட்டியில் விடுகிறேன். மீனுக்கு வெண்புள்ளி வந்தால் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், நத்தையும் இறாலும் ஒன்றுகூட மிஞ்சாது.

இப்போது என்னிடம் மூன்று ட்ரோக்கஸ், இரண்டு நாசாரியஸ், ஆசைக்கு ஒரு இறால். கண்ணாடியின் முன்பக்கத்தை நானே காந்தத்தால் துடைக்கிறேன், வாரம் 6 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட்டை எந்த நத்தையும் தின்னாது. துறவியைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். என் டர்போவின் ஓட்டை மாட்டிக்கொண்டேதான் போனது.