ஆமைக் குஞ்சைக் காப்பாத்தப் போயி தொட்டி கழுவிட்டு வந்தேன்

நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி காங்கேசன்துறை, அங்கேருந்து ராத்திரி பஸ்ல கொழும்பு, கோட்டை ஸ்டேஷன்ல கடலோர ரயிலப் புடிச்சு இலங்கையோட தென்மேற்குக் கரையில இருக்குற கொஸ்கொட. அங்க ஒரு ஆமைக் குஞ்சு பொரிப்பகத்துல ரெண்டு வாரம் வாலண்டியரா இருந்துட்டு வந்தேன். காசு குடுத்துதாங்க. வாலண்டியர்னா சும்மா சேத்துக்குவாங்கன்னு நெனச்சிருந்தேன், தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து வாரத்துக்கு இவ்வளவுன்னு ஏஜென்ட் பில்லு அனுப்புனப்பதான் விஷயமே புரிஞ்சுது. அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார், அந்த அரை ஸ்டாரு பொல் சம்பலுக்கு, அதான் அவங்க ஊரு தேங்காய்ச் சம்பலுக்கு.

எனக்கு வேதாரண்யம். ஆமை ஒண்ணும் புதுசில்ல, தை மாசி வந்தா கோடியக்கரை மணல்ல பங்குனி ஆமை ஏறும், செத்து ஒதுங்குறதயும் சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன், இழுவை வலைல மாட்டிக்கிட்டு மேல வந்து மூச்சு விட முடியாம செத்துப்போறதுங்க. எங்கம்மா வேற "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க, நீ என்னடான்னா ஆமையத் தேடி கடல் தாண்டிப் போறியேடி"ன்னு கெளம்புற வரைக்கும் பொலம்பிக்கிட்டே இருந்தாங்க.

வேலை என்னன்னா காலைல ஆறு மணிக்கு தொட்டித் தண்ணிய எறக்கிவிட்டு பாசி தேய்க்கணும், வலை அறுத்து துடுப்பு போன ஆமைங்க இருக்கும், அதுங்க ஓட்டையும் தேய்ச்சுவிடணும், மீன வெட்டிப் போடணும். ஒம்போது மணிக்கு டூரிஸ்ட் பஸ்ஸு வர ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் அதே கூட்டம். குஞ்சு பொரிச்சதும் கடல்ல விட மாட்டாங்க, ரெண்டு மூணு நாளு சிமெண்ட் தொட்டில போட்டு வச்சிருந்தாங்க, ஆளாளுக்குக் கையில தூக்கி போட்டோ. இதுதான் எனக்கு ஒத்துக்கல. குஞ்சு இயற்கையா ராத்திரிலதான் மணல விட்டு வெளிய வரும், வயித்துல மஞ்சக் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த தெம்புல ஒரு நாளு முழுக்க நிக்காம நீந்தி கரையோரத்து மீனு நண்டு காக்கா எல்லாத்தையும் தாண்டி ஆழத்துக்குப் போயிடணும். அந்த தெம்ப தொட்டிச் சுவத்துல முட்டி முட்டியே செலவு பண்ணிட்டு அப்பறம் கடலுக்குப் போயி என்னத்த பண்ணும்?

மட்டக்களப்புக்காரர் ஒருத்தர் அங்க வேலை பாத்தாரு, தமிழ்ல பேச ஆளு கெடச்ச சந்தோஷத்துல கேட்டே புட்டேன், "அண்ணை, ராத்திரியே விட்டா என்ன?"ன்னு. "விடலாம் தங்கச்சி, ஆனா பகல்ல வாற ஆக்களுக்கு என்னத்தக் காட்டுறது? டிக்கெட் காசிலதானே முட்டை வாங்குறம்"னாரு. அதுவும் நெசந்தான், சட்டத்துல தடை இருந்தாலும் முட்டைய எடுத்து விக்கிறவங்க இருக்காங்க, இவங்க காசு குடுத்து வாங்கலன்னா அது யாரோ ஒருத்தர் தட்டுக்குப் போயிடும். இருந்தாலும் மனசு ஆறல. அவரே இன்னொரு நாளு, 2004 சுனாமில அந்தக் கரையில இருந்த பொரிப்பகமெல்லாம் அடிச்சுட்டுப் போன கதையச் சொல்லிட்டு இருந்தாரு, நான் நாகப்பட்டினம் பக்கம்னதும் பேச்ச நிறுத்திட்டு எனக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தாரு.

நல்லதும் சொல்லணும்ல. ஒரு ராத்திரி பேராமை, அதான் பச்சை ஆமை, ஒண்ணு முட்டை போட ஏறுச்சு. வெள்ள லைட்டு கூடாது, செவப்பு லைட்டுதான், அதுவும் பின்னாடி பக்கம்தான் நிக்கணும். பின்னங்கால ரெண்டயும் அகப்ப மாதிரி வளைச்சு மாத்தி மாத்தி குழி பறிச்ச பக்குவம் இருக்கே, எங்க ஆயா குதிர்லேருந்து நெல்லு அள்ளுறது ஞாபகம் வந்துச்சு. நூறுக்கு மேல முட்டை, பிங்பாங் பந்து கணக்கா. அத பொரட்டாம, நேரம் கடத்தாம எடுத்துட்டுப் போயி மூடணும், பொரிக்க ஒண்ணரை ரெண்டு மாசம். மேல தென்னங்கீத்து போட்டிருந்தாங்க, எதுக்குன்னு கேட்டா மணலு சூடானா அத்தனையும் பொட்டையாவே பொறக்குமாம். ரெண்டு வாரத்துல உருப்படியா நான் கத்துக்கிட்டது இந்த ஒரு ராத்திரிதான்.

யாராச்சும் போறதா இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி, குஞ்ச எத்தன நாளு வச்சிருப்பீங்க, எத்தன மணிக்கு விடுவீங்க, ராத்திரி ரோந்துக்கு எங்களக் கூட்டிட்டுப் போவீங்களான்னு கேட்டுருங்க. நான் திரும்பப் போனா தெற்குக் கரையில ரெக்கவதான் போவேன், அங்க முட்டைய எடுக்காம மணல்லயே விட்டு காவல் காக்குறாங்க, முன்னாடி முட்டை எடுத்துட்டு இருந்த ஊர்க்காரங்களயே அந்தக் காவல் வேலைக்கு வச்சாங்க.

இன்னொண்ணு, கப்பல நம்பி லீவு கணக்கா போடாதீங்க. கடல் சரியில்லன்னா ஓடாது. எனக்கு ரெண்டு நாளு தள்ளிப்போச்சு, ஏஜென்ட்டு அந்த ரெண்டு நாளு காச இன்னிக்கு வரைக்கும் திருப்பித் தரல.