கலிஃபோர்னியாவில் வீட்டு டேகேர்: சின்ன லைசென்ஸா, பெரிய லைசென்ஸா?

கலிஃபோர்னியாவில் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று வழி உண்டு: லைசென்ஸ் இல்லாமல், சின்ன லைசென்ஸோடு, பெரிய லைசென்ஸோடு. ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் நம்மவர்களுக்கு மூன்றாவதில்தான் கண். பன்னிரண்டு பிள்ளை என்றால் இரட்டிப்பு வருமானம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

முதல் வழியை ஒரே வரியில் முடித்துவிடலாம். சொந்தக்காரர் பிள்ளைகளோடு, வெளியே ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் லைசென்ஸ் இல்லாமல் பார்க்கலாம். இரண்டாவது குடும்பத்திடம் சரி என்று சொன்னீர்களோ, லைசென்ஸ் வேண்டும்.

சின்ன லைசென்ஸில் கைக்குழந்தைகள் மட்டும் என்றால் 4 பேர். இங்கே இரண்டு வயது நிறையாத எல்லோரும் கைக்குழந்தைதான். கலந்து பார்த்தால் 6 பேர், அதில் கைக்குழந்தை 3 வரை. 8 வரையும் போகலாம். ஆனால் கைக்குழந்தை இரண்டுக்கு மேல் கூடாது, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையும் ஆறு வயது நிறைந்த இன்னொன்றும் இருக்க வேண்டும், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உங்கள் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவும் இந்த எண்ணிக்கையில் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பெரிய லைசென்ஸில் 12 பேர், நிபந்தனைகளோடு 14. கைக்குழந்தை எத்தனை? அதே 4. பதினான்காக்கினால் 3 ஆகக் குறைகிறது. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் தேடி அலைவதும், கட்டணம் அதிகம் கிடைப்பதும் கைக்குழந்தை இடத்துக்குத்தான். நான்கு என்ற அந்த உச்சவரம்பைப் பெரிய லைசென்ஸ் ஒன்றுகூட கூட்டித் தருவதில்லை. கூடுவதெல்லாம் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் இடம். அதிலும் நான்கு வயதுப் பிள்ளைகளை 2025-26 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளியே இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறது.

விண்ணப்பக் கட்டணம் 73 டாலரா 140 டாலரா என்பது பெரிய விஷயமில்லை. பெரியதற்கு ஓராண்டு அனுபவம், தீயணைப்புத் துறையின் அனுமதி, கூடவே ஓர் உதவியாளர் வேண்டும். அந்த உதவியாளரின் சம்பளம்தான் கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கைத் தின்னும். முன்பு பெரியதற்கு நகராட்சி அனுமதிக்கும் அலைய வேண்டியிருந்தது. 2020 முதல் அந்தத் தொல்லை இல்லை.

பொறுப்புகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கைரேகைச் சோதனை, காசநோய்ச் சோதனை, தடுப்பூசிகள், குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி எல்லாம் பொது. வீட்டில் வசிக்கும் 18 வயது நிறைந்த எல்லோருடைய கைரேகையும் போக வேண்டும். ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் மாமியார், மாமனார் விஷயத்தை முன்கூட்டியே லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் இடிப்பது தூக்க விதிதான். தொட்டிலில் விரிப்பைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது: தலையணை இல்லை, போர்வை இல்லை, துணி சுற்றிப் படுக்கவைப்பதும் இல்லை. ஒரு வயதுக்குள் என்றால் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்த்து, பார்த்ததை எழுதியும் வைக்க வேண்டும். தூளி கட்டி ஆட்டிவிட்டுச் சமையலைக் கவனிப்பது இங்கே நடக்காது. அதிகாரிகள் சொல்லாமல்தான் வருவார்கள்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள், நம்பகமான உதவியாளரும் கிடைத்துவிட்டார் என்றால் பெரியதற்கு மாறலாம். அதுவரை சின்னதே போதும் என்பேன். உதவியாளர் லீவு போட்ட நாளில் பெரிய லைசென்ஸ் வீடும் சின்ன வீட்டின் எண்ணிக்கைக்கே இறங்கியாக வேண்டும். காலை ஏழு மணிக்கு எந்தப் பெற்றோருக்குப் போன் போட்டு "இன்று வேண்டாம்" என்று சொல்வது என்பதை லைசென்ஸ் எடுக்கும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.