புக்கிங் தளத்தின் வரைபடத்தை நம்பி ரூம் போடலாமா?

அறிமுகமில்லாத பெருநகரத்தில் நாலு நாள் தங்க ரூம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் திறப்பது புக்கிங்.காம், ஏர்பிஎன்பி போன்ற தளங்களைத்தான். அறை எப்படி இருக்கும் என்று காட்டுவதில் இவை கெட்டி. எந்த ஏரியாவில் தங்கலாம் என்று கேட்டால்தான் அரைகுறை. அந்த மீதி வேலைக்குக் கூகுள் மேப்ஸைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கோளாறு, 'மையத்திலிருந்து இத்தனை கி.மீ.' என்ற வரி. தளம் மையம் என்று குத்தியிருக்கும் புள்ளிக்கும் நீங்கள் பார்க்கப் போகும் இடங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அந்தத் தூரமும் பெரும்பாலும் வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தது. நடுவில் ஆறோ தண்டவாளமோ குறுக்கிட்டால், பாலம் இருக்கும் இடம்வரை போய்ச் சுற்றித்தான் வர முடியும். 2 கி.மீ. என்று போட்ட ஹோட்டலிலிருந்து 40 நிமிடம் ஆவதும், 6 கி.மீ. தள்ளி மெட்ரோ பக்கத்தில் இருப்பதிலிருந்து 15 நிமிடத்தில் போய்ச் சேர்வதும் இதனால்தான்.

புக்கிங்.காமில் 'இருப்பிடம்' என்று பத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதைத் தருபவர்களில் காரில் வந்தவரும் இருப்பார், பக்கத்துக் கட்டடத்தில் மீட்டிங்குக்கு வந்தவரும் இருப்பார். 8-க்குக் கீழே போனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். 9-க்கு மேல் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்ட முடியாது.

ஏர்பிஎன்பியில் வேறு சிக்கல். பெரும்பாலான வீடுகளுக்குப் பதிவு செய்யும்வரை சரியான முகவரி தெரியாது, தோராயமான இடம்தான் காட்டும். அந்த இடத்தின் ஒரு ஓரத்திலிருந்து ஸ்டேஷன் 4 நிமிடம், மறு ஓரத்திலிருந்து 12 நிமிடம் என்று இருக்கலாம். தூரமான ஓரத்தையே கணக்கில் வையுங்கள். வீட்டுக்காரரிடம் 'ஸ்டேஷன் பக்கமா?' என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். 'எந்த ஸ்டேஷன், எந்த வாசல், நடந்தால் எத்தனை நிமிடம்?' என்று கேளுங்கள்.

இனி மேப்ஸ். போக வேண்டிய இடங்களையெல்லாம் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். அவை ஒரே பக்கம் குவிந்திருந்தால் அங்கேயே தங்கலாம். சிதறிக் கிடந்தால், வண்டி மாறாமலோ ஒரே ஒரு முறை மாறியோ எல்லாவற்றுக்கும் போக முடிகிற பாதையில் ரூம் தேடுங்கள். பிறகு ஹோட்டலிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் பொதுப் போக்குவரத்தில் வழி கேளுங்கள். நேரத்தை மாற்றாமல் விட்டால் 'இப்போது' கிளம்பினால் ஆகும் நேரத்தையே காட்டும். நீங்கள் அங்கே இருக்கப்போகும் தேதியைப் போட்டு, காலை 8.30-க்குப் போவதையும் இரவு 10.30-க்குத் திரும்புவதையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை பல ஊர்களில் வேறு. புறப்படும் நேரத்துக்குப் பக்கத்திலேயே கடைசி வண்டியைக் காட்டும் தெரிவும் இருக்கிறது. பலர் தொட்டே பார்ப்பதில்லை, இந்த வேலைக்கு இதைவிட உருப்படியான வசதி வேறில்லை.

ஒரு நடைக்கு 40 நிமிடம் கூடினால், போக வர நாளொன்றுக்கு 80 நிமிடம். மூன்று நாளில் 4 மணி நேரம். மலிவான ரூமில் மிச்சம் பிடித்த காசை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண நடையில் 400 மீட்டருக்கு 5 நிமிடம். பெட்டியை இழுத்துக்கொண்டு என்றால் 600 மீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிய சுரங்க ஸ்டேஷன்களில் மேப்ஸ் போடும் குறி ஸ்டேஷனின் நடுவில் இருக்கும், உங்களுக்கு வேண்டிய வாசல் 300 மீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே வாசலிலிருந்து அளக்க வேண்டும். லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது.

தெருவைப் படமாகக் காட்டும் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூவில் முதலில் பார்க்க வேண்டியது படம் எடுத்த மாதமும் ஆண்டும்தான். ஐந்து வருடப் பழைய படத்தில் காலி மனையாகத் தெரிவது இன்று கட்டுமான இடமாக இருக்கலாம். ஜன்னல் உயரத்தில் மேம்பாலம் போகிறதா, கீழ்த்தளத்தில் பார் இருக்கிறதா, நடைபாதை உண்டா என்று பாருங்கள். படமெல்லாம் பகலில் எடுத்தவை. இரவில் தெரு எப்படி என்று அதில் தெரியாது. அதற்கு ஹோட்டலின் மேப்ஸ் விமர்சனங்களைப் புதியது முதலில் என்று அடுக்கி, சத்தம், இரவு, ரயில் என்ற சொற்களை உள்ளூர் மொழியிலும் போட்டுத் தேடலாம்.

உணவகமும் கடையும் நெருங்கிய பகுதிகளுக்கு மேப்ஸ் மங்கலாக வேறு நிறம் பூசுகிறது. 2016-இல் வந்த வசதி. அலுவலகங்கள் மட்டுமே இருக்கும் ஏரியாக்களில் வார இறுதி வாடகை இறங்கும், அமைதியாகவும் இருக்கும். ஆனால் ஞாயிறன்று ஒரு டீக்கு அலைய வேண்டியிருக்கும்.

இத்தனையும் பார்த்து முடிப்பதற்குள் நல்ல ரூம்கள் போய்விடும் என்பதால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஒன்றை முதலில் பிடித்து வைத்துவிட்டுத் தேடுவதே சரி. ரத்துக்கான கடைசி நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏர்பிஎன்பியில் அது வீடு இருக்கும் ஊரின் நேரப்படி.